பாறைக்குப் பின்னால் நின்ற தண்ணீர்

என் அக்கா மெட்டில்டாவின் கணவர் எலியேசருக்கு மீன் என்றால் உயிர் என்று அஸ்தினாபுரத்தில் பலரும் சொல்வார்கள். கூட இருந்து பார்த்தவன் நான் சொல்கிறேன், அவருக்கு மீன்மேல் அப்படியொன்றும் பிரியம் கிடையாது. தண்ணீர்மேல்தான் பைத்தியம். அதுவும் நிற்கிற தண்ணீர் அல்ல, ஓடுகிற தண்ணீர். மழைக்காலத்தில் தெருவில் வெள்ளம் போனால் நாங்களெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நகராட்சியைத் திட்டுவோம். இவர் வாசலில் நின்று, மின்கம்பத்தை ஒட்டி எங்கே சுழிக்கிறது, எந்த மூலையில் தேங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் காதில் விழாது.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆய்வக உதவியாளராக இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தார். மாலையில் மொபெட்டில் கிளம்பி, பல் டாக்டர்கள், துணிக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் மீன் தொட்டிகளைக் கழுவிக் கொடுத்துவிட்டு வருவார். மகள் ஜோசலின் வேலை கிடைத்துப் பெங்களூரு போனதும், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு முழுநேரமும் தொட்டி வேலைக்கே வந்துவிட்டார். அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. நானும் என் பங்குக்கு, படித்த மனுஷன் செய்கிற காரியமா இது என்று கேட்டுவைத்தேன்.

ஒருமுறை உறவினர் கல்யாணத்துக்காக எல்லோரும் தூத்துக்குடி போயிருந்தோம். மறுநாள் படகில் ஒரு தீவுக்கு அழைத்துப் போனார்கள். படகுக்காரரிடம் மூச்சுக்குழாய் வைத்த நீச்சல் கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் தலையை அமிழ்த்தியவர் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பின்கழுத்து கருகிப் போய் வந்தார். "அங்க எல்லாம் போய்ட்டுப் போய்ட்டு வருது ஜாய்சா" என்றார். என்ன போகிறது, என்ன வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. படகு திரும்பும் வழியெல்லாம் விளக்கினார். பவளப்பாறையில் ஒட்டி வாழ்கிற உயிருக்குக் காலும் இல்லை, துடுப்பும் இல்லை. இரையைத் தேடிப் போகாது. தண்ணீர்தான் இரையைக் கொண்டுவர வேண்டும், அதேதான் கழிவையும் எடுத்துப் போக வேண்டும். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே இருந்தால் தசை கிழிந்துபோகும். அதனால் போகவும் வேண்டும், வரவும் வேண்டும். தொட்டியில் வளர்த்தாலும் அப்படித்தான், எங்காவது ஒரு மூலையில் தண்ணீர் நின்றுவிட்டால் அங்கே அழுகல் தொடங்கும், அது முழுத் தொட்டியையும் கெடுக்கும்.

அதன்பிறகு பத்து வருடம், இரண்டடித் தொட்டியில் தங்கமீன் வளர்க்கிறவர்களிடமெல்லாம் இந்தப் பாடத்தை நடத்தினார். அவர்களும் பாவம், மீனுக்கு இரை போட நேரமாகிறது என்று நழுவுவார்கள். பெரிய தொட்டி ஒன்று, கடல்நீர்த் தொட்டி, தன் கையால் தண்ணீரை ஓடவைத்துக் காட்டுகிற தொட்டி ஒன்று வாழ்நாளில் கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார். அந்த ஏக்கத்தை நான் கேலி செய்ததுண்டு. இன்று நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

தொட்டி பள்ளிக்கரணையில் கிடைத்தது. வைக்கச் சொன்னவர் சம்பந்தம், அந்த ஊர்ப் பழைய குடும்பம். அப்பா காலம்வரை விவசாயம். இவர் சிமெண்ட், கம்பி வியாபாரம். புது வீடு கட்டி முடித்திருந்தார். அவர் மனைவி சந்திரிகா ஏதோ ஹோட்டலில் கடல்நீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு, நம் வீட்டுக் கூடத்திலும் இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கூடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி எட்டடி நீளத் தொட்டி. கல் பவளத்தை வீட்டில் வைக்கச் சட்டம் விடாது; ஆகவே செயற்கைப் பாறை, அதன்மேல் மெத்தென்ற கடல் உயிர்கள், பூப்போல விரிகிற கடற்சாமந்தி, அதற்குள் குடியிருக்கிற க்ளவுன் மீன் ஜோடி என்று முடிவாயிற்று.

எலியேசர் அந்த இரண்டு மாதம் தூங்கினாரா என்றே சந்தேகம். பாறையைச் சின்னச் சின்னக் குவியலாக நான்கு இடத்தில் வைத்தார். எந்தக் குவியலும் பின்கண்ணாடியைத் தொடவில்லை. அடியில் குழாய்த் துண்டுகளைக் காலாக வைத்து உயர்த்தியிருந்ததால் பாறைக்குக் கீழேயும் தண்ணீர் போகும். வேவ்மேக்கர் என்று ஒன்று உண்டு. கண்ணாடியின் உட்புறம் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தள்ளுகிற சின்ன மோட்டார். வடக்கு முனையில் இரண்டு, தெற்கு முனையில் இரண்டு. கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் தள்ளும், கொஞ்ச நேரம் அந்தப் பக்கம். அவர் தீவில் பார்த்தது அதுதானே.

உப்பு கலக்குமுன் சாதாத் தண்ணீரை நிரப்பிச் சோதனை செய்வது அவர் வழக்கம். அதற்கு ஒரு சொந்த வித்தை வைத்திருந்தார். சர்பத்தில் போடுகிற சப்ஜா விதையை ஊறவைத்து இரண்டு கரண்டி தொட்டியில் விடுவார். ஊறிய விதை மிதக்காது, சட்டென்று மூழ்கவும் செய்யாது. தண்ணீர் போகிற பக்கமெல்லாம் போகும். எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறதோ அங்கே மட்டும் படியும். பம்புகளையும் குழாய்களையும் ஏற்றிவர என் கார் தேவைப்பட்டதால் அன்று நானும் அங்கே இருந்தேன். பத்து நிமிடம் பார்த்தோம். ஒரு விதைகூடப் படியவில்லை. கூடத்தில் நின்ற சந்திரிகா சிரித்துவிட்டார். எலியேசர் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மறுநாள் வாஸ்து பார்க்கிற ராஜகோபால் வந்தார். நல்ல மனிதர், மெல்லப் பேசுகிறவர், எங்களுக்கும் சேர்த்துக் காபி கொடுக்கச் சொன்னவர். தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். தென்முனை கனமாக இருக்க வேண்டும். எனவே பாறை முழுவதும் அங்கே ஒன்றாகக் குவிந்து, கண்ணாடியோடு ஒட்டி நிற்கட்டும். தண்ணீர் அங்கிருந்து ஈசானியத்தைப் பார்த்து வடக்கே போக வேண்டும். போனது எதிர்த்துத் திரும்பக் கூடாது. அதாவது, வடக்கு முனையில் இருந்த இரண்டு மோட்டாரையும் எடுத்துவிட வேண்டும்.

சம்பந்தம் எலியேசர் பக்கம் திரும்பினார். "இன்னா எலியேசர் சார், அப்படி வச்சா மீனுக்கு ஒண்ணும் ஆவாதே?"

கேட்டார். அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் வாய்விட்டுக் கேட்டார்.

எலியேசர் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு, ஒரு நிமிஷம் சார், காரில் ஒரு சாமான் இருக்கிறது என்று சொல்லி அவரை வெளியே இழுத்துப் போனேன். முப்பத்தொரு வருடம் ஒரு கல்லூரி அலுவலகத்தில் தலையை ஆட்டியே காலம் தள்ளியவன் நான். பல வருடத்துக்குமுன் ஆயுத பூஜை நாளில், என் கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்தவரிடம், இனிமேல் இது தானாகவே வேலை செய்யுமா என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் மூன்று வருடம் என்னோடு பேசவில்லை. அந்தச் சூடு எனக்குள் அப்படியே இருந்தது.

"அத்தான், அது அவங்க நம்பிக்கை. சர்ச்சுக்குப் போற வேதக்காரன் ஒருத்தன் வீட்டுக்குள்ள வந்து வாஸ்து பொய்யுங்கிறான்னு ஆயிடும். பேசாம சரின்னு சொல்லிடுங்க" என்றேன்.

"நான் வாஸ்து பொய்யுன்னு சொல்லப் போறதில்லையே. பாறைக்குப் பின்னால தண்ணி நின்னுபோகும்னுதானே சொல்லப் போறேன்."

"அவங்க காதுல ரெண்டும் ஒண்ணுதான்."

காரிலிருந்து பெயருக்கு ஒரு குழாய்த் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கு உலகம் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அக்காவைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து அப்படித்தான். ரேஷன் கார்டு முதல் ஜோசலினுக்கு காலேஜ் சீட்டு வரைக்கும் என்னைக் கேட்காமல் எதுவும் செய்தது கிடையாது. உள்ளே போய், செஞ்சிடலாம் சார் என்று சொல்லிவிட்டார். சம்பந்தம் திருப்தியாகத் தலையாட்டினார். நானும் ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்துவைத்தவன்போல இன்னொரு காபி வாங்கிக் குடித்தேன்.

நான்கு குவியலும் ஒரு குவியலாயிற்று. வேலை முடிந்ததும் எலியேசர் மறுபடி சப்ஜா விதையை விட்டார். வீட்டுக்காரர்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பார்த்தது நாங்கள் இரண்டு பேர்தான். விதை எல்லாம் வடக்கே போய்க் கண்ணாடியில் மோதி, வேகம் தேய்ந்து, தரையோரமாக மெதுவாகத் திரும்பி வந்து, பாறைக்குப் பின்னால் ஒரு கைப்பிடி அளவுக்குப் படிந்தது. முன்னாலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியவே தெரியாது. எலியேசர் மெல்லிய குழாயை விட்டு அதை உறிஞ்சி வாளியில் எடுத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஏழு மாதம் அந்தத் தொட்டியைப் பார்த்தவர்கள் எல்லோரும் அசந்துதான் போனார்கள். கடற்சாமந்தி விரிந்து நின்றது. க்ளவுன் ஜோடி பாறையில் முட்டை போட்டபோது சந்திரிகா போன் செய்து, எலியேசர் அண்ணா, உடனே வாங்க என்று கூப்பிட்டார். காலையில் எழுந்ததும் தொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்கே போவாராம். யாருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எலியேசர் அங்கே போய், ஏணியில் ஏறி, தோள்வரை கையை விட்டு, பாறைக்குப் பின்னால் படிந்ததைக் குழாயால் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேர வேலை. உப்பு பட்டுப் பட்டு வலது கையில் தோல் உரிந்தது. சட்டையெல்லாம் வெள்ளைத் திட்டு என்று அக்கா முணுமுணுப்பாள். இந்தத் தொட்டிகளுக்கு இதெல்லாம் வழக்கம்தான் என்று சம்பந்தம் வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அவர் சுத்தம் செய்தது என் யோசனையைத்தான்.

ஐப்பசியில் அவருக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்தார்கள். நான்கு வாரம் ஏணி ஏறக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் கேட்டார், சனிக்கிழமை நீ போய்ப் படிந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு வருவாயா, இல்லையென்றால் சந்திரிகாவுக்கே போன் செய்து பின்பக்கம் இப்படி இருக்கிறது என்று சொல்லிவிடட்டுமா என்று. சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்ற கேள்வி வரும். நானே போகிறேன் அத்தான் என்றேன்.

முதல் சனிக்கிழமை போனேன். இருபது நிமிடத்தில் கை கடுத்தது. முடிந்தவரைக்கும் எடுத்துவிட்டு வந்தேன். இரண்டாவது சனிக்கிழமை நல்ல மழை, மேடவாக்கம் தாண்டித் தண்ணீர் நிற்கிறது என்று சொன்னார்கள். மூன்றாவது வாரம் ஒரு நிச்சயதார்த்தம். இரண்டு வாரமும் எலியேசர் கேட்டபோது, எல்லாம் நல்லா இருக்கு என்று சொன்னேன். போனேன் என்று சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. அலுவலகத்தில் கற்ற வித்தை.

நான்காவது வாரம் திங்கட்கிழமை காலை சந்திரிகா அழுதுகொண்டே போன் செய்தார். முந்தின நாள் மழையில் மூன்று மணி நேரம் மின்சாரம் போயிருக்கிறது. காலையில் தொட்டி பால் கலந்ததுபோல் இருந்தது, கூடம் முழுக்க முட்டை அழுகின நாற்றம். டாக்டர் சொன்ன நான்கு வாரம் இன்னும் முடியவில்லை. எலியேசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் காரில் ஏறினார். நாங்கள் போனபோது கடற்சாமந்தி கரைந்து கொழகொழவென்று தொங்கியது. க்ளவுன் ஜோடியில் ஒன்று செத்து மிதந்தது. மற்றது அதன் பக்கத்திலேயே ஒருக்களித்து வாயைத் திறந்து திறந்து மூடியது. மதியத்துக்குள் அதுவும் போய்விட்டது. மற்ற மீன்களிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"கரண்ட் போனதுதான் சார். நம்ம கையில இன்னா கீது" என்று சம்பந்தமே சொன்னார். நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆமாம் சார், மூன்று மணி நேரம் என்றால் எந்தத் தொட்டி தாங்கும் என்று ஒத்து ஊதினேன்.

எலியேசர் நான் தடுத்தும் கேட்காமல் ஏணியில் ஏறினார். பாறைக்குப் பின்னால் கையை விட்டு, கரிபோன்ற சேற்றை ஒரு கை அள்ளி எடுத்து, சம்பந்தத்துக்குக் காட்டினார். "கரண்ட் இல்ல சார். சுத்தமான தொட்டி மூணு மணி நேரம் தாங்கும். இங்க பின்னால தண்ணி ஓடல. வச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லல. என் தப்பு."

சந்திரிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். என் பெயர் அடுத்து வரும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன். வரவில்லை.

இரண்டு நாள் அங்கேயே இருந்து தொட்டியை இறைத்துக் கழுவிக் கொடுத்தார். கடைசி நாள் சம்பந்தம் வாசல்வரை வந்து அவரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் கார் அருகே நின்றேன். பொங்கல் கழிந்ததும் சம்பந்தம் போன் செய்து, உங்கள் இஷ்டப்படியே வையுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன் என்று கூப்பிட்டார். எலியேசர் முடியாது என்றார். மற்ற இடங்களையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். இப்போது வீட்டில் உட்கார்ந்து மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிறார். வெட்கத்தால் ஒதுங்கிவிட்டார் என்று நான் எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, அங்கே விட்டுவந்த பம்புகளை எடுத்துவர நான்தான் போனேன். கூடத்தில் தொட்டி இல்லை, ஷோகேஸ் வந்திருந்தது. சம்பந்தம் உட்காரச் சொன்னார். கோபமாகப் பேசவில்லை, புரியாமல் கேட்கிறவர்போலப் பேசினார்.

"இந்த வூட்டுக்குப் போர் போட வந்தவன்கிட்ட ஈசானிய மூலையிலதான் போடணும்னு சொன்னோம் சார். அங்க தண்ணி இல்லன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னான். தள்ளித் தெக்கால போட்டோம். ராஜகோபால் சாரும் அதுக்கு ஒரு பரிகாரம் சொல்லிட்டுச் சரின்னுட்டாரு. இவரும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா கேட்டுகினு போயிருப்பேன். நான் கேட்டனே. ஏன் சார் சொல்லல?"

"தெரியல சார்" என்றேன். பம்புகளை டிக்கியில் வைத்துக்கொண்டு கிளம்பி வந்தேன்.

அதை வயிற்றில் வைத்துக்கொண்டு என்னால் ரொம்ப நாள் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அக்கா வீட்டில் சாப்பிட்டோம். அக்கா பாத்திரம் கழுவப் போனதும், சம்பந்தம் சொன்ன போர்வெல் கதையை எலியேசரிடம் சொன்னேன். கையில் ஒரு மிக்சி மோட்டாரை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். கடைசி நாள் வாசல்ல வச்சு என்கிட்டயும் சொன்னாரு" என்றார்.

"அப்புறம் அவர் கூப்பிட்டப்ப ஏன் போகல அத்தான்? நீங்க ஆசைப்பட்ட மாதிரியே வச்சிருக்கலாமே."

துடைப்பதை நிறுத்தவில்லை. "போனா வாரா வாரம் அவங்க முகத்தப் பார்க்கணும். ஏன் சொல்லலன்னு என்னைக்காவது திரும்பக் கேப்பாங்க. எனக்குப் பொய் வராது ஜாய்சா. உன் பேரைச் சொல்லிடுவேன்."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது. அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த ஒரே வேலை, இரண்டாவது தடவையும் வீடு தேடி வந்தது. என் பெயர் கெடக் கூடாது என்று அதை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதைக்கூட நான் கேட்டதால்தான் சொன்னார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இன்னும் அந்த மோட்டார்தானா என்றாள். எலியேசர் மோட்டாரை ஓட்டிப் பார்த்தார், சத்தம் சரியாக இருக்கிறது என்றார்.

நான் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். சம்பந்தம் கேட்டதற்கு, நான்தான் சொல்ல விடவில்லை என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் எலியேசர் அந்த வீட்டுப் படியை ஏறலாம். அஸ்தினாபுரத்திலிருந்து பள்ளிக்கரணை அரை மணி நேரம்தான். மூன்று மாதம் ஆகிறது, நான் இன்னும் போகவில்லை.